அடுக்குமாடியில் எங்கே விளையாடுவது?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. அடுக்குமாடி வீடு, ஓடியாட இடமில்லை. எந்நேரமும் செல்போன்தான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: இடம் சின்னதென்று கவலைப்படாதீர்கள், அம்மா. 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளெல்லாம் சேர்த்து 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019). திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

கூடத்தில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடுங்கள். ஒற்றைக்காலில் நிற்க இந்த வயதில் தடுமாறுவான். முதலில் இரண்டு காலாலும் தாண்டட்டும். குதிக்கக் குதிக்கக் கால் உறுதிப்படும், உடம்பு சமநிலைக்குப் பழகும். படிக்கட்டில் தூக்காதீர்கள், கைப்பிடித்து நடத்துங்கள். அதுவும் கணக்கில் சேரும். சாயங்காலம் அவன் அப்பாவும் போனை வைத்துவிட்டுக் கண்ணாமூச்சிக்கு வரட்டும்.