ஓயாத சிறுநீர்ப்பை வலி: கிளமெண்டிக் குடும்பங்களுக்கு உணவு, துணை குறித்த வழிமுறை

கிருமித் தொற்று எதுவும் இல்லாதபோதும் அடிவயிற்றில் வலியோ அழுத்தமோ எரிச்சலோ ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்து, சிறுநீர்ப்பை நிறைய நிறைய அது கூடி, நீர் கழித்தபின் சற்றே தணிந்து, பகலிலும் இரவிலும் அடிக்கடி கழிப்பறைக்கு எழ வைக்குமானால், அந்நிலையை மருத்துவர்கள் சிறுநீர்ப்பை வலி நோய்த்தொகுதி என்றும், பழைய பெயரால் இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்றும் குறிப்பிடுவர். ஆண்களுக்கும் வருமெனினும் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படும் இந்நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை; சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் காப்புப் படலம் பழுதுபட்டு, சிறுநீரிலுள்ள உப்புகள் அடித்திசுவுக்குள் கசிந்து நரம்புகளைத் தூண்டுகின்றன என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களுள் ஒன்று. முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லாததால், உணவையும் அன்றாடப் பழக்கங்களையும் சீர்செய்வதே சிகிச்சையின் தொடக்கமாக அமைகிறது. ஆனால் நோயாளிகளின் கைக்குக் கிடைக்கும் உணவுப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆரஞ்சுச் சாற்றையும் தக்காளிச் சாஸையும் மனத்தில் கொண்டு மேலைநாட்டுத் தட்டுக்காக எழுதப்பட்டவை. குழம்பு, ரசம், சாம்பார் ஆகிய மூன்றிலும் புளி அடித்தளமாக இருக்கும் ஒரு வீட்டில் அவற்றை அப்படியே பின்பற்ற இயலாது.

முதற்படி: தொற்று அன்று என்று உறுதிசெய்தல்

நீர்க்கடுப்பு என்று வீடுகளில் பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் தொற்றையோ உடலின் நீர்க்குறைவையோ சுட்டுவதால், முதலில் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். கிளமெண்டி அவென்யூ 3-இல் உள்ள பலதுறை மருந்தகத்தில் சிறுநீர்ப் பரிசோதனையோடு, கிருமி வளர்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் வளர்ப்புச் சோதனையையும் கேட்டுப் பெறுவது நல்லது. அச்சோதனை இல்லாமலேயே மீண்டும் மீண்டும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை விழுங்கி ஆண்டுகளைக் கழித்தவர்கள் இந்நோயாளிகளிடையே பலர். அடிக்கடி நீர் போவதற்கு நீரிழிவும் காரணமாகலாம் என்பதாலும், அந்நோய் சிங்கப்பூர் இந்தியரிடையே மிகுதி என்பதாலும், இரத்தச் சர்க்கரையையும் அதே வருகையில் பார்த்துவிடுவது பொருத்தம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு சென்றால், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ, ஒரே எம்ஆர்டி நிறுத்தம் தள்ளி ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கும் இங் தெங் ஃபோங் பொது மருத்துவமனையிலோ சிறுநீரியல் நிபுணரை உதவித்தொகையுடன் கூடிய கட்டணத்தில் காண முடியும். அங்கு மெல்லிய கருவியைச் செலுத்திச் சிறுநீர்ப்பையின் உட்புறம் பார்க்கப்படுவது, 1915-இல் பால்டிமோர் மருத்துவர் கை ஹன்னர் விவரித்த செந்நிறப் புண்கள் உள்ளனவா என்று அறிவதற்காக. அப்புண்கள் இருப்பவர்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டைவிட, அவற்றைச் சுட்டுக் கருக்கும் சிகிச்சையே அதிகப் பயன் தருவதால், இந்தப் படியைத் தாண்டி அடுக்களைக்குச் செல்வது முறையன்று. சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், விலாப்பக்க வலி ஆகியவை எந்தக் கட்டத்தில் தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: குறிப்பேடு

உணவில் எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரங்களுக்கு, உண்டதும் குடித்ததும், நீர் கழித்த நேரமும், பூச்சியம் முதல் பத்து வரையிலான அளவில் வலியும் எழுதப்பட வேண்டும்; அவற்றுள் ஏதேனும் மூன்று நாள்களுக்கு நீரின் அளவையும் அளவுக்குவளையால் குறித்தால், மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். வலி உண்ட உடனே வராமல் சில மணி நேரம் கழித்தும், சிலருக்கு மறுநாளும் வரக்கூடும் என்பதால், நேற்றைய வத்தக்குழம்பின் பழி இன்றைய இட்லியின் மேல் விழாதிருக்க இக்குறிப்பேடே துணை. மாதவிடாய் நாள்கள், தூக்கம், மலச்சிக்கல் ஆகியவையும் வலியைக் கூட்டுவதால் அவற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

மூன்றாம் படி: நீக்கல்

நீக்கல் உணவு என்பது, வலியைத் தூண்டக்கூடியவை எனப் பல நோயாளிகள் கூறும் பொருள்கள் அனைத்தையும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருசேர நிறுத்திப் பார்க்கும் சோதனையே தவிர, வாழ்நாள் நோன்பு அன்று. கோப்பி, தே, மது, வாயு அடைத்த பானங்கள், எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி, மிளகாய், செயற்கை இனிப்பூட்டிகள், வைட்டமின் சி மாத்திரைகள் ஆகியவை பெரும்பாலான பட்டியல்களில் இடம்பெறுபவை. தமிழர் சமையலுக்கு இவற்றோடு புளி, ஊறுகாய், தயிர், புளித்த மோர், மாங்காய், வாழைப்பழம், வெங்காயம், மிளகு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோப்பியை ஒரே நாளில் விட்டால் தலைவலி வாட்டும். ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பது மேல்.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. நீர்க்கடுப்புக்கென்று தமிழ் வீடுகளில் உடனே நீட்டப்படும் எலுமிச்சைச் சாறும், தொற்றுக்கு நல்லதென்று மருந்துக்கடைகளில் விற்கப்படும் கிரான்பெரிச் சாறும் இந்நோயில் எரிச்சலை வளர்க்கக்கூடியவை. பார்லித் தண்ணீர் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் உணவங்காடி நிலையத்தில் அதை வாங்கும்போது எலுமிச்சை கலவாதது என்று கேட்டு வாங்க வேண்டும்.

அப்படியானால் உண்பது எது? சமையலைப் பொருள்வாரியாக அன்றி, அடித்தளவாரியாகப் பிரித்துப் பார்த்தால் விடை எளிது. பாசிப்பருப்பும் தேங்காயும் சீரகமும் அடித்தளமாகும் பொரித்த கூட்டு, புளியில்லாப் பொரிச்ச குழம்பு, மிளகு சேர்க்காத வெண்பொங்கல், தேங்காய்ப் பாலுடன் இடியாப்பம், அரைத்த மாவு புளித்துப்போகுமுன் வார்த்த இட்லி தோசை, மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிய மீன் ஆகியவற்றில் புளிப்புக்கு இடமே இல்லை. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், பூசணி ஆகிய நீர்க்காய்கள் தேக்கா சந்தையில் எப்போதும் கிடைப்பவை. பழங்களில் பேரிக்காய் பலருக்கு இதமானது. வீட்டில் மற்றவர்கள் சாம்பாரை விட மாட்டார்கள் என்றால், வெந்த பருப்பையும் காயையும் புளி ஊற்றுவதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் எடுத்துத் தனியே தாளித்துக்கொள்வது, இரண்டு சமையல் செய்வதைவிடச் சிக்கனமானது. நீரிழிவும் உடையவர்கள் சோறும் தேங்காய்ப் பாலும் மிகும் இத்தட்டை உணவியலாளரிடம் காட்டி அளவைத் திருத்திக்கொள்வது இன்றியமையாதது.

வெளியில் உண்பதைத் தவிர்க்க முடியாத ஊர் சிங்கப்பூர். கிளமெண்டி 448 சந்தை உணவங்காடி நிலையம் போன்ற இடங்களில் மீன் கஞ்சியும், மிளகாய்ச் சாந்தைத் தொடாத கோழிச்சோறும் பெரும்பாலும் தீங்கற்றவை; அச்சாந்தில் மிளகாயோடு சிறு எலுமிச்சையும் சேர்ந்திருக்கும். அசாம் என்ற சொல் பெயரில் இருந்தால் புளிப்பு உறுதி. மீ சியாம், மீ கோரேங், இந்திய ரோஜாக் ஆகியவை சோதனைக் காலத்தில் விலக்கத்தக்கவை. சர்க்கரையைக் குறைக்கும் நோக்கில் 2022 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த நியூட்ரி-கிரேட் முத்திரையில் பி தரம் பெற்ற பானங்களில் செயற்கை இனிப்பூட்டி இருக்கலாம் என்பதால், அந்த எழுத்தோடு நின்றுவிடாமல் சேர்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும்.

நான்காம் படி: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தல்

பலரும் கைவிடும் படி இது. வலி குறைந்ததும் அந்த வெறுந்தட்டிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவோர் எடையையும் சத்தையும் விருந்தையும் இழக்கிறார்கள். அது தேவையற்ற தண்டனை. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும், முதல் நாள் சிறிதளவும் மறுநாள் வழக்கமான அளவும் உண்டு, மூன்றாம் நாள் நிறுத்தி வலியைக் கவனித்து, தீங்கில்லை எனில் நிரந்தரமாக ஏற்றுக்கொண்டு அடுத்த பொருளுக்குச் செல்ல வேண்டும். தயிர், வாழைப்பழம், வெங்காயம், மிளகு என எளியவற்றில் தொடங்கி, புளியையும் பச்சை மிளகாயையும் கடைசியில் சோதிப்பது வசதி. தூண்டுபொருள்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். சிலருக்கு உணவால் எந்த மாற்றமும் நேர்வதில்லை என்பதும் ஒரு முடிவே, அவர்கள் கட்டுப்பாட்டை விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: நீரும் தசையும்

அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்போர் பலர். இந்த வெயிலில் அப்படிச் செய்தால் சிறுநீர் செறிவடைந்து எரிச்சல் கூடுமாதலால், ஒரே மடக்கில் குடிக்காமல் நாள் முழுதும் சிறுகச் சிறுகக் குடிப்பதே சரி. சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் வலியால் இறுகியிருப்பவர்களுக்கு, அவற்றைச் சுருக்கி வலுவூட்டும் கீகல் பயிற்சி எதிர்ப்பயன் தரும். இறுக்கத்தைத் தளர்த்தும் கைச்சிகிச்சையே வேண்டுவது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் அத்தகைய சிகிச்சை பெற்ற பெண்களில் 59 விழுக்காட்டினரும், பொதுவான உடல் பிடித்துவிடல் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரும் நலம் கண்டதாகக் கூறினர். ஆகவே இடுப்புத்தளத்தில் பயிற்சி பெற்ற இயன்மருத்துவரிடம் அனுப்புமாறு நிபுணரைக் கேட்கலாம். திடீரென வலி ஏறும் நாள்களுக்காக வெந்நீர்ப் பையோ குளிர் ஒத்தடமோ, எது இதமோ அது, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஆறாம் படி: துணை

வெளியே தெரியாத நோய் என்பதால் வீட்டாரின் ஐயத்துக்கு எளிதில் ஆளாவது இது. மாமியார் ஆசையாக வைத்த புளிக்கறியை மறுப்பது மரியாதைக் குறைவாகவும், கோயிலில் தந்த புளியோதரையை ஒதுக்குவது பக்திக் குறைவாகவும் கொள்ளப்படுமுன், கணவரோ மகளோ ஒருவர் நோயாளியுடன் நிபுணரைக் காண உடன் சென்று, அவர் வாயாலேயே விளக்கம் கேட்பது நூறு வாதங்களை மிச்சப்படுத்தும். தாம்பத்திய உறவின்போதும் மறுநாளும் வலி வருவது இந்நோயின் இயல்பு என்பதைத் தம்பதியர் இருவரும் ஒன்றாகக் கேட்டறிவது, அதை வெறுப்பென்று எண்ணி மனம் புழுங்குவதைத் தடுக்கும். அலுவலகத்தில் கழிப்பறைக்கு அருகே இருக்கை கேட்க மருத்துவரின் கடிதம் போதும். மருத்துவச் சமூகப் பணியாளர் செலவுக்கான உதவிகளை விளக்குவார். தூக்கமின்மையும் தொடர்வலியும் உயிரை வெறுக்கும் அளவுக்குத் தள்ளினால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

உணவும் பயிற்சியும் போதாதபோது அமிட்ரிப்டிலின் மாத்திரையோ, சிறுநீர்ப்பைக்குள் நேரடியாக மருந்து செலுத்தும் முறையோ தொடரும். பெண்டோசான் பாலிசல்பேட் என்ற மருந்தை நீண்ட காலம் உட்கொள்வோருக்கு விழித்திரை பாதிக்கப்படலாம் என்ற எச்சரிக்கை 2020-இல் அமெரிக்காவில் அம்மருந்தின் விவரத்தாளில் சேர்க்கப்பட்டிருப்பதால், அதைத் தொடங்குமுன்னரும் இடையிடையேயும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.