பட்டயத்திலிருந்து பட்டத்திற்கு

கேரளத்தின் சித்தூர், தேவிகுளம், பீருமேடு வட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. தோட்டத் தொழிலையும் வேளாண்மையையும் நம்பி வாழும் பெற்றோர்க்கு, பிள்ளை எத்தனை ஆண்டு ஊதியமின்றிப் பயில வேண்டும் என்பதே முதற் கேள்வி.

பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலைக் கல்வி 2 ஆண்டு, பொறியியற் பட்டம் 4 ஆண்டு. ஆக 6 ஆண்டு. பாலிடெக்னிக் பட்டயம் 3 ஆண்டு, நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை வழியே பட்டம் 3 ஆண்டு. இதுவும் 6 ஆண்டே. இவ்வழியில் பாதித் தொலைவிலேயே வேலைக்குரிய தகுதி கைவந்துவிடுகிறது. குடும்ப நிலை காரணமாகப் படிப்பு அங்கே நின்றாலும் உழைப்பு வீணாவதில்லை.

பாலக்காட்டிலும் குமுளியிலும் அரசு பாலிடெக்னிக்குகள் உள்ளன. பைனாவில் 2000இல் தொடங்கிய இடுக்கி அரசுப் பொறியியற் கல்லூரியும், பாலக்காட்டில் 1960இல் தொடங்கிய என்.எஸ்.எஸ். பொறியியற் கல்லூரியும் அடுத்த படிகள். இடையில் நிற்பது நுழைவுத் தேர்வு.

ஓர் எச்சரிக்கை: பட்டப் படிப்பின் முதலாண்டுக் கணிதத்தைப் பயிலாமலே மாணவர் இரண்டாமாண்டில் அமர்கின்றனர். தமிழ்வழிப் பயின்றோர்க்கு ஆங்கிலமும் சுமையாகும். ஆகவே பட்டயக் காலத்திலேயே இவ்விரண்டிற்கும் துணை வகுப்புகள் நடத்துதல் வேண்டும். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே நுழைந்தவர் நிலைத்து நிற்கவும் வேண்டும்.