அண்ணனுக்குத் தாமதமாக வந்த நிலா

திருவண்ணாமலையில் நிலாவைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி, "பௌர்ணமி என்னைக்கு, எத்தனை மணிக்குத் தொடங்குது?" என்பதுதான். பஸ்ஸை எங்கே நிறுத்துவார்கள், ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்பார், கடையின் ஷட்டரை எப்போது இறக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தைப் பொறுத்துத்தான். எனக்கு இங்கே இருசக்கர வாகன ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பௌர்ணமிக்கு பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வியாபாரம் படுத்துவிடும். அதனால் நிலாவின் மேல் எனக்குத் தனிப்பட்ட பாசம் ஏதும் இருந்ததில்லை. அது வந்தது ஒரு ஜப்பானிய அனிமே தொடரால். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் பிடிவாதமாகப் போட்டுவிட்டாள். "கார்ட்டூன்தானே" என்று பக்கத்தில் உட்கார்ந்தவன் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

தொடரின் பெயர் 'ஸ்பேஸ் பிரதர்ஸ்'. சூயா கொயாமா என்பவர் 2007 கடைசியில் வரையத் தொடங்கிய படக்கதை அது. 2012 ஏப்ரலிலிருந்து 2014 மார்ச் வரை 99 அத்தியாயங்களாக ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது. சிறுவயதில் விண்வெளிக்குப் போவோம் என்று சேர்ந்து சபதம் போட்ட அண்ணன் தம்பியில், தம்பி ஹிபிட்டோ நாசா வரை போய் நிலாவில் கால் வைக்கக் காத்திருக்கிறான். அண்ணன் முட்டாவோ, தம்பியைக் கேவலமாகப் பேசிய மேலதிகாரியைத் தலையால் முட்டிவிட்டு, கார் கம்பெனி வேலை போய் அம்மா வீட்டுக்குத் திரும்பியவன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அங்கிருந்து கதை தொடங்குகிறது.

பார்க்கும் விதம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இதை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். தொடர் மெதுவாகப் போகும். முந்தைய அத்தியாயத்தில் நடந்ததையே தொடக்கத்தில் திரும்பக் காட்டி நேரத்தை ஓட்டும் பழக்கமும் அதற்கு உண்டு. அந்தப் பகுதியைத் தாராளமாகத் தள்ளிவிடலாம். ராத்திரிக்கு ஒன்று, சாப்பிட்டு முடித்த பிறகு என்று வைத்துக்கொண்டால் போதும். நாங்கள் பார்த்தது ஜப்பானியக் குரலில், கீழே ஆங்கில எழுத்தோடு. மகள் வேகமாகப் படித்து எனக்குத் தமிழில் சொல்லுவாள். அவளுக்கு ஆங்கிலம் ஓடத் தொடங்கியது இதில்தான் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. சொல்லும்போது பாதியை அவளே சேர்த்துக்கொண்டாள் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று, இதைப் படிப்புக்கான அறிவுரையாக மாற்றிவிடாதீர்கள். "பாத்தியா, அவன் எப்படிக் கஷ்டப்படுறான்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், பிள்ளை அடுத்த நாள் உட்காராது. அறிவுரைக்கு இந்தத் தொடர் இடம் கொடுப்பதும் இல்லை. விண்வெளி வீரனாகத் தேர்வாகிறவன் வகுப்பில் முதல் மாணவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம் எண்ணத்தையே அது முதல் வேலையாகக் கலைத்துவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம், விண்வெளி வீரர் வேலைக்கு முட்டா போகும் நேர்முகத் தேர்வு. அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். அவன் கவனமோ தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் ஸ்க்ரூ தளர்ந்திருப்பதிலேயே இருக்கிறது. தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருகிறான். அந்த ஸ்க்ரூவை வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிகிறது.

"ஏம்பா, நாற்காலி ஆடுறது மத்தவங்களுக்குத் தெரியலையா?" என்றாள் மகள்.

"தெரிஞ்சிருக்கும்மா. நம்ம வேலை இல்லைன்னு விட்டிருப்பாங்க."

நட்டும் போல்ட்டும் விற்றுப் பிழைக்கிறவனுக்கு அந்தக் காட்சி கொடுத்த திருப்தியை இங்கே எழுதி முடியாது.

அடுத்தது அடைபட்ட அறை. தொடரில் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டிய பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மிச்சம் இருக்கும் போட்டியாளர்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, வெளி உலகமே தெரியாத அறைகளில் இரண்டு வாரம் அடைத்து வைக்கிறார்கள். எல்லாப் பக்கமும் கேமரா. கடிகாரம் உடைகிறது; யார் உடைத்தது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறார்கள். உள்ளே இருப்பவர்களிலேயே சிலருக்கு ரகசியமாக ஒரு பச்சை அட்டை கொடுத்து, குழப்பம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி நாளில் இன்னும் கொடுமை: உங்களில் விண்வெளிக்குப் போகத் தகுதியான இரண்டு பேரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு இந்தப் பரீட்சை புதிதில்லை. கார்த்திகை தீபத்துக்கு வந்து இறங்கும் சொந்தக்காரர்களோடு இரண்டு அறை, ஒரே குளியலறை வீட்டில் நாலைந்து நாள் இருந்து பாருங்கள், யார் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும். நன்றாகப் பேசும் மாமாதான் விடியற்காலையில் அரை மணி நேரம் குளியலறையைப் பிடித்துக்கொள்வார். யாரும் கவனிக்காத சித்தி, எல்லாரும் தூங்கிய பிறகு குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். அடைபட்ட அறை அத்தியாயங்கள் ஓடிய நாட்களில், "நம்ம வீட்ல பச்சை அட்டை யாருகிட்டப்பா இருக்கு?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் எனக்குத் தெரியும், அச்சில் வராது.

இது வெறும் கற்பனையா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இல்லை. ஜப்பான் விண்வெளி நிறுவனமான ஜாக்சா 2008இல் ஆள் எடுத்தபோது 963 பேர் விண்ணப்பித்தார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த 10 பேரை, சுகுபா நகரில் உள்ள விண்வெளி மையத்தில் இப்படித்தான் ஓர் அடைபட்ட கூடத்தில் வைத்துக் கவனித்தார்கள். அங்கே கொடுத்த வேலைகளில் ஒன்று காகிதத்தில் கொக்கு மடிப்பது. ஒன்றிரண்டு அல்ல, ஆயிரம். முதல் கொக்கின் மடிப்பும் கடைசிக் கொக்கின் மடிப்பும் ஒரே மாதிரி இருக்கிறதா, அலுப்பிலும் நெருக்கடியிலும் கை நிதானம் தவறுகிறதா என்று பார்த்தார்கள். வீட்டில் செய்து பார்க்க இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. பழைய நோட்டுத் தாளை சதுரமாக வெட்டிக்கொண்டு, நூறு மடித்து, முதல் ஐந்தையும் கடைசி ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என் மகளுடையதைவிட என் மனைவியின் கடைசி ஐந்து அழகாக இருந்தன. பூக்கட்டும் கை.

அந்தத் தேர்வில் கிமியா யுயி, தாகுயா ஒனிஷி என்று இருவர் முதலில் தேர்வானார்கள். சில மாதம் கழித்து நோரிஷிகே கனாய் சேர்க்கப்பட்டார். மூவரும் பின்னாளில் பறந்தார்கள். தொடருக்கும் நிஜ விண்வெளிக்கும் இடையில் போக்குவரத்து நிறைய உண்டு. 2012இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த அகிஹிகோ ஹோஷிடே, அங்கிருந்தபடியே இந்தத் தொடருக்காகக் குரல் கொடுத்தார்.

நம் பக்கக் கதையையும் கூடவே பார்த்தால்தான் பிள்ளைகளுக்குத் தொடர் ஒட்டும். இந்தியாவே மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பப்போகும் ககன்யான் திட்டத்துக்கான நால்வரின் பெயர்களை 2024 பிப்ரவரி 27இல் திருவனந்தபுரத்தில் அறிவித்தார்கள்: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. இதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நால்வருமே விமானப்படையின் சோதனை விமானிகள். சுக்லா 2025 ஜூன் 25இல் ஆக்சியம்-4 பயணத்தில் விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினார். அந்தப் பயணம் எத்தனை முறை தள்ளிப்போனது என்பதை வீட்டில் ஒருத்தி நாள்காட்டியில் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். அவருக்கு மாற்றாள் பிரசாந்த் நாயர். எல்லாப் பயிற்சியும் எடுத்துவிட்டு, இன்னொருவர் பறப்பதைக் கீழே நின்று பார்ப்பவர். அந்த வேலை எவ்வளவு கனம் என்று தொடர் பார்த்த பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை.

"அப்போ நான் பைலட் ஆகணுமா?" என்றாள். இப்போதைக்கு நம் நாட்டில் அதுதான் வழி என்றேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் இருந்தால் தேசிய பாதுகாப்பு அகாதமியின் விமானப்படைப் பிரிவுக்கு எழுதலாம். இப்போது பெண்களும் அங்கே படிக்கிறார்கள். 2016இலிருந்து விமானப்படையில் பெண்கள் போர் விமானம் ஓட்டுகிறார்கள். அதற்கு முன்னால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் இஸ்ரோவின் 'யுவிகா' அறிவிப்பைக் கவனியுங்கள். 2019இல் தொடங்கிய கோடைக்கால முகாம் அது. இஸ்ரோ மையங்களுக்கே அழைத்துப் போய்க் காட்டுவார்கள். ஒன்பதாம் வகுப்பு தாண்டினால் வாய்ப்புப் போய்விடும். கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வில் தனி மதிப்பெண் உண்டு என்பது நம் மாவட்டத்துக்கு நல்ல செய்தி.

தொடர் பார்க்கும் காலத்தில் வானமும் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிராக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: நிலாவைப் பார்க்க மோசமான நாள் பௌர்ணமி. அன்றைக்குச் சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, எல்லாம் வெள்ளையாகத் தட்டையாகத் தெரியும். அமாவாசை முடிந்து ஏழெட்டு நாளில் வரும் பாதி நிலாதான் சரியான நிலா. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டின் ஓரமாக ஒரு சாதாரண பைனாகுலரை வைத்துப் பாருங்கள், பள்ளங்கள் விளிம்போடு எழுந்து நிற்கும். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23இல் இறங்கியது தென் துருவப் பக்கம், சுமார் 69 டிகிரி தெற்கில். அந்த இடத்துக்குச் சிவசக்தி என்று பெயர். அண்ணாமலையார் ஊரில் இதைச் சொன்னால் அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. நிலாவின் எந்தப் பக்கம் என்று கேட்டு, எங்கள் மொட்டை மாடிக்கே வந்துவிட்டார்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள்.

விண்வெளி நிலையத்தைப் பார்க்கக் கருவியே வேண்டாம். அந்தி சாய்ந்ததும் அல்லது விடிவதற்கு முன், மினுக்காமல் ஒரே சீராக நகரும் பிரகாசமான புள்ளி. சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். எந்த நாள், எந்தத் திசை என்பதை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' சொல்லும். சுக்லா மேலே இருந்த நாட்களில் மேகம் விலகிய ஒரு மாலையில் பார்த்தோம். மகள் கை காட்டினாள். நானும் காட்டினேன், யாரும் பார்க்கவில்லையே என்று உறுதி செய்துகொண்டு.

கதையில் ஷரோன் அத்தை என்று ஒரு வானியலாளர் வருவார். நிலாவில் தொலைநோக்கி வைப்பது அவர் கனவு. அவருடைய அத்தியாயங்கள் முடிந்த வாரத்தில் காவலூர் போய் வாருங்கள். போளூர், ஜமுனாமரத்தூர் வழியாக ஜவ்வாது மலைக்குள் போனால் வைணு பாப்பு ஆய்வகம். 1986இலிருந்து இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் மறக்காதீர்கள்.

நான் வீட்டில் மூத்தவன். தம்பி பொறியாளராகித் துபாய் போனான். நான் அப்பா கடையில் உட்கார்ந்தேன். "சின்னவனைப் பாரு" என்பது எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு அதிகமானாலும் வரும் வசனம். முட்டாவுக்கும் அதே தொல்லைதான். தம்பிக்கு முன்னால் அண்ணன் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவனை விடுவதே இல்லை. ஆனால் தம்பி அவனைத் துரத்தவில்லை. அண்ணன் பெயரை ஜாக்சாவுக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்டதே தம்பிதான். ஜாக்சா அடுத்து ஆள் எடுத்தபோது 4,127 பேர் விண்ணப்பித்தார்கள். 2023 பிப்ரவரியில் தேர்வான இருவரில் அயு யோனேடாவுக்கு வயது 28, மகோடோ சுவாவுக்கு 46. அந்த 46ஐ வீட்டில் நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று புகார்.

கடைசியாக ஒன்று: 99ஆவது அத்தியாயத்தோடு கதை முடிந்துவிடாது. முட்டா நிலாவில் இறங்குவதற்குள் தொடரை நிறுத்திவிட்டார்கள். மீதி படக்கதையில் இருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ராத்திரி சமாளிக்க முடியாது. விடுமுறைக்கு வந்திருந்த தம்பி, நாங்கள் படக்கதையைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, நானும் பார்க்கிறேன், எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டான். "முதல்ல இருந்துதான் சித்தப்பா, முன்கதை வர்ற இடத்தை மட்டும் தள்ளிடுங்க" என்றாள் மகள். அவன் எதையும் தள்ளாமல் பார்க்கிறவன். இன்னும் அடைபட்ட அறைக்கே வந்து சேரவில்லை.