முதல் பதிப்பா? துப்பறிஞ்சு பாருங்க!

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலா வந்தது 1887-ல், ‘பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆனுவல்’ என்ற ஆண்டுமலரில். விலை ஒரு ஷில்லிங். ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ கதையின் மொத்த உரிமைக்கும் கோனன் டாயிலுக்குக் கிடைத்தது வெறும் 25 பவுண்டு. படிச்சதும் தூக்கிப் போடுற மலர் என்பதால், இன்று உலகம் முழுக்கச் சில டஜன் பிரதிகள்தான் மிச்சம். 2007-ல் நியூயார்க் ஏலத்தில் ஒன்று 1,56,000 டாலருக்குப் போனது.

பழைய புத்தகம் எல்லாம் முதல் பதிப்பு ஆகிடாது. சேகரிப்பாளர்கள் தேடுவது முதல் தடவை அச்சில் ஓட்டிய பிரதிகளை மட்டும். அதையே ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஓட்டினால் அது இரண்டாம் அச்சு. மதிப்பு மளமளன்னு இறங்கிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? 1902-ல் வந்த ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ எடுத்துக்குங்க. 13-ஆம் பக்கம் மூன்றாம் வரியில் ‘யுவர்’ என்று வரவேண்டிய இடத்தில் கடைசி எழுத்து விழாமல் ‘யூ’ என்று அச்சாகியிருந்தால், அது முந்தைய பிரதி. நம்ம கோடில் பக் இருந்தா மார்க் போகும். இங்கே பக் இருந்தாத்தான் காசு!

அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் வேறு மாதிரி தலைவலி. அவர் இங்கிலாந்துக்காரர், ஆனா புத்தகம் அமெரிக்காவில் 1920-லேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1921 ஜனவரியில்தான். முந்தி வந்ததா, சொந்த நாட்டில் வந்ததா, எதை வாங்குவது? ஆளுக்கு ஒரு கட்சி. என் ஓட்டு தேதிக்குத்தான்.

ஏமாறுகிற இடம் டஸ்ட் ஜாக்கெட், அதாவது மேலே சுற்றிய காகித உறை. அந்தக் காலத்தில் பலர் அதைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. அதனால் உறையோடு இருக்கிற பிரதிக்கு விலை பல மடங்கு. பிற்கால உறையை முதல் பதிப்பில் மாட்டி விற்பவர்களும் உண்டு. உறையின் பின்பக்க விளம்பரங்களைப் படிங்க. 1934-ல் வந்த ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ உறையில் 1937-ல் வந்த ‘டெத் ஆன் தி நைல்’ விளம்பரம் இருந்தால், ஆள் மாட்டிக்கிட்டார்.

இதையெல்லாம் வாங்க நம்ம பாக்கெட் தாங்காது. பழகிப் பார்க்க ஹாஸ்டல் ரூமில் கிடக்கும் இங்கிலீஷ் நாவலே போதும். காப்புரிமைப் பக்கத்தில் 10 9 8 7 என்று ஒரு எண் வரிசை இருக்கும். அதில் 1 இருந்தால் பெரும்பாலும் முதல் அச்சு. மிகச் சிறிய எண் 4 என்றால் நான்காவது. சில பதிப்பகங்கள் 1 3 5 7 9 10 8 6 4 2 என்று கலைத்து அடிக்கும். அப்பவும் பார்க்க வேண்டியது சிறிய எண்ணைத்தான்.