கடைக்கு ஒரு கையடக்கத் தொலைபேசி: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



சென்ற மாதம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் புதிதாக வாங்கிய ஸ்மார்ட் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "நானா, ஒன்றேகால் இலட்சம் கொடுத்தேன். நல்ல சாமானா என்று பாருங்க" என்றார். "இதை வைத்துக் கடையில் என்ன வேலை செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வட்ஸ்அப் பார்க்கத்தான்" என்றார்.

ஒரு தராசு வாங்கும்போது நாம் இப்படிச் செய்வதில்லை. எத்தனை கிலோ நிறுக்க வேண்டும், சில்லறைக்கா மொத்தத்துக்கா என்று முதலில் யோசிக்கிறோம். அதன் பிறகுதான் விலை கேட்கிறோம். ஆனால் தராசை விட எத்தனையோ மடங்கு விலையுள்ள தொலைபேசியை மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்கி வருகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதற்கு நான் கொடுத்த விலையை உங்களுக்குச் சொன்னால் நீங்களாவது தப்பித்துக் கொள்வீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு முறை தொலைந்த கணக்கு

அக்குறணையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன் நான். பிங்கா ஓயா பெருகினால் கடைவீதிக்குள் தண்ணீர் வரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியான ஒரு மழை நாளில் சீமெந்து மூட்டைகளையும் பெயின்ற் வாளிகளையும் மேல்தட்டுக்கு ஏற்றினோம். லாச்சியில் இருந்த கடன் கொப்பியை யாரும் நினைக்கவில்லை. மறுநாள் எடுத்துப் பார்த்தபோது மை கரைந்து தாள்கள் ஒட்டிப் போயிருந்தன.

இனிக் கொப்பியே வேண்டாம் என்று முடிவெடுத்து, தொலைபேசியில் இலவசமாகக் கிடைத்த ஒரு கணக்குச் செயலியில் கடன்களை எழுதத் தொடங்கினேன். எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. ஒருநாள் ஏணியில் ஏறும்போது சட்டைப் பையிலிருந்து போன் கீழே விழுந்தது. பிறகு அது இயங்கவே இல்லை. திருத்தும் இடத்தில், உள்ளே இருப்பதை எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

என் சகோதரியின் மகன் கணினி படித்தவன். அவனிடம் கொண்டு போனேன். "மாமா, இந்தக் கணக்கு வேறு எங்கேயாவது பதிவாகி இருக்கா?" என்று கேட்டான். அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் பயன்படுத்திய செயலி எல்லாவற்றையும் அந்தப் போனுக்குள் மட்டுமே சேமித்து வைத்திருந்தது.

பதினொரு பேரின் கடன், ஏறக்குறைய 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. பலர் தாங்களாகவே வந்து தொகையைச் சொல்லிக் கட்டினார்கள். ஒரு பாஸ் மட்டும் தனக்கு 18 ஆயிரம்தான் பாக்கி என்றார். என் நினைவில் இருந்தது 43 ஆயிரம். அவர் மறந்தாரா, நான் மறந்தேனா? தீர்த்து வைக்க எழுத்து இல்லை. 18 ஆயிரத்தை வாங்கிக் கொண்டேன். பதினைந்து வருட வாடிக்கையாளர், அதன் பிறகு கடைப் பக்கம் வரவில்லை. பணத்தை விட அந்த மனிதரை இழந்ததுதான் எனக்குப் பெரிய நட்டம். கடனை எழுதி வைக்க வேண்டும் என்பது நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விடயமல்ல. எழுதியது அழியாத இடத்தில் இருக்கிறதா என்பதுதான் நாம் கேட்கத் தவறும் கேள்வி.

முதலில் வேலை, பிறகு செயலி, கடைசியில் போன்

நாம் வழமையாகச் செய்வது தலைகீழ். போனை வாங்குகிறோம், கண்ணில் பட்ட செயலிகளை எல்லாம் ஏற்றுகிறோம், பிறகு அதற்கு வேலை தேடுகிறோம். மாறாக ஒரு தாளில் உங்கள் கடையில் தினமும் நடக்கும் வேலைகளை எழுதுங்கள். என் தாளில் நான்கு விடயங்கள் வந்தன: ஓடர் எடுத்தல், கடன் எழுதுதல், பணம் பெறுதல், பில்களைப் பாதுகாத்தல். நான்கு வேலைக்கு நான்கு செயலி போதும்.

ஓடர் எடுப்பதற்கு: சாதாரண வட்ஸ்அப்பை விட, 2018 இல் வெளிவந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி வியாபாரிகளுக்குப் பொருத்தமானது. அதுவும் இலவசம்தான். பொருட்களின் படத்தையும் விலையையும் பட்டியலாகப் போடலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். "புதிய ஓடர்", "பணம் வரவேண்டும்" என்று வாடிக்கையாளர்களைப் பிரித்து அடையாளமிடலாம். இரண்டு சிம் போடும் போனில் வீட்டு இலக்கத்துக்குச் சாதாரண வட்ஸ்அப்பும் கடை இலக்கத்துக்கு பிஸ்னஸும் ஒன்றாக இயங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடை இலக்கத்தின் சிம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். விற்பனைப் பையனின் சொந்த இலக்கத்தில் ஓடர் எடுத்துப் பழக்கினால், அவன் விலகும் நாளில் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலும் அவனோடு போய்விடும். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, இலக்கம் அவனுடையது.

கடன் எழுதுவதற்கு: எந்தக் கணக்குச் செயலியானாலும் நம்புவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்யுங்கள். பொய்யாகப் பத்துக் கணக்கு எழுதுங்கள். பிறகு செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டு மீண்டும் ஏற்றி, அதே கணக்கில் நுழையுங்கள். பத்தும் திரும்பி வந்தால் அது நம்பக்கூடியது. வராவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இந்த ஐந்து நிமிடப் பரிசோதனையை அன்று நான் செய்திருந்தால் அந்தப் பாஸ் இன்றும் என் கடைக்கு வந்து கொண்டிருப்பார்.

இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கணக்கைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? இணையம் இல்லாத நேரத்திலும் எழுத முடியுமா? நான் இப்போது பாவிப்பது கூகுள் ஷீட்ஸ். திகதி, பெயர், பொருள், தொகை, கட்டியது என்று ஐந்து நிரல்கள்தான். போன் உடைந்தாலும் வேறொரு போனிலோ கணினியிலோ அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். இணையமின்றி எழுத வேண்டுமானால் அந்தக் கோப்புக்குரிய வசதியை முன்கூட்டியே தெரிவு செய்து வைக்க வேண்டும்.

பணம் பெறுவதற்கு: இலங்கை மத்திய வங்கி ஏற்படுத்திய லங்காகியூஆர் முறையில், உங்கள் கடையில் ஒட்டியிருக்கும் ஒரே குறியீட்டுக்கு, அம்முறையில் இணைந்த எந்த வங்கியின் செயலியிலிருந்தும் வாடிக்கையாளர் பணம் செலுத்தலாம். நாடளாவிய ரீதியில் இதைப் பரப்பும் வேலை 2020 இல் தொடங்கியது. உங்கள் வங்கியிடம் விண்ணப்பிக்கும்போது, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் வியாபாரியிடம் எவ்வளவு அறவிடுவார்கள் என்பதை எழுத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் தன் போனில் காட்டும் "பணம் அனுப்பப்பட்டது" என்ற படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட படத்தைத் தயாரிப்பது பாடசாலைப் பிள்ளைக்கும் முடிந்த காரியம். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வங்கிகளுக்கிடையே செஃப்ட்ஸ் முறையில் அனுப்பும் பணம் அந்த நேரமே வந்து சேர வேண்டியது. சிலிப்ஸ் முறையில் தாமதமாகலாம். எந்த முறையானாலும் பணம் வந்த பிறகே லொறியில் சாமான் ஏற வேண்டும்.

பில்களைப் பாதுகாக்க: கூகுள் டிரைவ் செயலியிலேயே கடதாசியை ஸ்கேன் செய்யும் வசதி உண்டு. மொத்த வியாபாரியின் பில், வாங்கிய காசோலை இரண்டையும் அன்றன்றே படமெடுத்து மாதவாரியாகப் போட்டு வைக்கிறேன். கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜீபி. அன்ட்ரொய்ட் போன்களின் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் 2024 முதல் இதற்குள்ளேயே கணக்கிடப்படுகிறது. எனவே வட்ஸ்அப்பில் வரும் தேவையற்ற வீடியோக்களை அவ்வப்போது அழித்துவிடுங்கள்.

வேண்டாத செயலிகள்

டோர்ச் லைட் செயலி உங்கள் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கேட்டால், ஏன் என்று யோசியுங்கள். டோர்ச் வசதி போனிலேயே இருக்கிறது. உடனடிக் கடன் தருவதாகச் சொல்லி, தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் செயலிகள் அதைவிட ஆபத்தானவை. தவணை பிந்தினால் உங்கள் வாடிக்கையாளர்களுக்கே அழைப்பு போகும். வட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்தி எந்தச் செயலியையும் ஏற்ற வேண்டாம். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், வங்கி என்று சொன்னாலும், கொடுக்க வேண்டாம்.

இரண்டு போன்களை ஒப்பிடுவது எப்படி?

செயலிகள் முடிவானதும் போன் தெரிவு இலேசாகிவிடும். மேற்சொன்ன நான்கு வேலைகளுக்கும் ஒரு இலட்சத்துக்கு மேல் விலையுள்ள போன் தேவையே இல்லை. விளம்பரங்கள் பெரிதாகக் காட்டுவதை விட்டுவிட்டுப் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

முதலாவது, பாதுகாப்பு மேம்படுத்தல் எத்தனை வருடம் கிடைக்கும்? வங்கிச் செயலிகள் பழைய அன்ட்ரொய்டைக் காலப்போக்கில் கைவிட்டுவிடும். வட்ஸ்அப் கூட 2025 ஜனவரியில் அன்ட்ரொய்ட் 4.4 உள்ள போன்களைக் கைவிட்டது. 2024 இல் வந்த சம்சுங் ஏ16 போன்ற நடுத்தர விலைப் போனுக்கே ஆறு வருட மேம்படுத்தலை அந்நிறுவனம் அறிவித்தது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: இந்த வருடங்கள் நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும். "விலை குறைத்துத் தருகிறேன்" என்று பழைய மாடலைத் தந்தால், குறைந்திருப்பது விலை மட்டுமல்ல, ஆயுளும்தான்.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். உதாரணத்துக்கு 45 ஆயிரம் ரூபா போனுக்கு இன்னும் இரண்டு வருட மேம்படுத்தல்தான் மிச்சம் என்றால், வருடச் செலவு 22,500 ரூபா. 66 ஆயிரம் ரூபா போனுக்கு ஆறு வருடம் இருந்தால், நான்கு வருடம் மட்டும் பாவித்தாலும் வருடச் செலவு 16,500 ரூபா. மலிவானது எது?

இரண்டாவது, நினைவகம். "8 உடன் 8 சேர்த்து 16 ஜீபி ரெம்" என்று எழுதியிருந்தால் உண்மையான ரெம் 8 மட்டுமே. மீதி, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. அது வேகத்தில் ஈடாகாது. கடை வேலைக்கு உண்மையான 6 ஜீபி ரெம்மும் 128 ஜீபி சேமிப்பிடமும் தாராளம்.

மூன்றாவது, மின்கலமும் திரையும். 5000 எம்ஏஎச் அளவுள்ள மின்கலம் கடை மூடும்வரை பெரும்பாலும் தாங்கும். லொறியில் போய் விற்பவர்கள் போனைக் கடைக்கு வெளியே வெயிலில் பிடித்து, எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். கெமராவின் மெகாபிக்சல் எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பில் எழுத்துத் தெளிவாக விழுந்தால் போதும்.

நான்காவது, போனின் ஜாதகம். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்ஈஐ எண் திரையில் வரும். பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா எனப் பாருங்கள். பிறகு ஐஎம்ஈஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்பதை அறியலாம். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். உத்தரவாதம் முகவருடையதா, கடைக்காரருடையது மட்டுமா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பாவித்த போன் என்றால், பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு உங்கள் கண்முன்னே நீக்கப்பட வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியது

புதுப் போன் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் இன்றிரவு கடை மூடிய பின் மூன்று காரியங்களைச் செய்யலாம். கடன் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து டிரைவில் போடுங்கள். வட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இலக்கத்தை ஏற்படுத்துங்கள். உங்கள் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பெட்டகத்தில் வைத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். நாம் இல்லாத நாளிலும், நாம் கொடுக்க வேண்டியதும் நமக்கு வர வேண்டியதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

பக்கத்துக் கடைக்காரரின் ஒன்றேகால் இலட்ச ரூபா போன் இப்போது சும்மா இல்லை. அந்த நான்கு வேலைகளையும் அதில் அமைத்துக் கொடுத்தோம். ஆனால் முக்கியமானது போன் அல்ல. நாளை அது தண்ணீரில் விழுந்தாலும் மறுநாள் காலையில் அவரது கடன் கணக்கு ஒரு ரூபா குறையாமல் இருக்கும். போன் வாங்கும்போது நீங்கள் விலை பேச வேண்டியது அந்த நிம்மதிக்காகத்தான்.