மூல நிரலிலிருந்து மென்பொருள் பொதி

விழிஞ்ஞம் போன்ற கடலோர ஊர்கள் உட்பட, கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கூடங்களில் பெரிதும் இயங்குவது கட்டற்ற மென்பொருளாகும். 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்குரிய இயங்குதளத்தை அது தயாரித்து வழங்குகிறது. இத்தகைய பணியில் மூல நிரல் எங்கிருந்து பெறப்படுகிறது என்பது முக்கியமான, ஆனால் அரிதாகவே எழுப்பப்படும் வினாவாகும்.

மூல நிரல் மனிதர் படிக்கக்கூடியது. கணினியில் நிறுவப்படுவது அதிலிருந்து உருவாக்கப்படும் பொதி. ஆக்கியோர் வெளியிடும் கட்டிலிருந்து பொதியை உருவாக்குவது நெடுநாளைய வழக்கம். நிரலின் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் களஞ்சியத்திலிருந்தே படியெடுத்து உருவாக்குவது மற்றொரு முறை.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை 2024 மார்ச் மாத நிகழ்ச்சி உணர்த்திற்று. ‘எக்ஸ்-இசட்’ என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தீய நிரல் புகுத்தப்பட்டிருந்தது. அதை இயக்கிவிடும் சிறு கோப்பு வெளியீட்டுக் கட்டில் இருந்தது; களஞ்சியத்தில் இல்லை. களஞ்சியத்தில் சோதனைக் கோப்புகளாக மறைந்திருந்த பகுதி, அக்கோப்பின்றி உறங்கியே கிடந்திருக்கும். தொலைக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் ஆராய்ந்ததால் சூழ்ச்சி வெளிப்பட்டது. டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை.

எனினும் களஞ்சிய முறை தானாகவே பாதுகாப்பு அளிப்பதன்று. களஞ்சியம் நாள்தோறும் மாறுவது. ஆகவே எடுக்கப்பட்ட மாற்றத்தின் அடையாள எண்ணைக் குறித்து வைத்தல் இன்றியமையாதது. கட்டில் ஆயத்தமாக வரும் துணைக் கோப்புகளை இங்கே தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான கருவிகளும் தேவை. வரலாற்றை விடுத்துக் கடைசி நிலையை மட்டும் எடுத்தால், பல மென்பொருள்கள் தம் பதிப்பெண்ணைக்கூட அறிய இயலாமல் நின்றுவிடும். பழைய கோப்புகள் கலவாத தூய சூழலில் உருவாக்குவதே முறை.

திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவது குறித்து மத்திய அரசு 2015இல் கொள்கை வெளியிட்டது. மூல நிரலை ஒரு துறை ஒப்பந்தப்படி பெற்றுக்கொண்டால் மட்டும் போதாது. துறையின் ஊழியரே அதிலிருந்து பொதியை உருவாக்கிப் பார்த்த பின்னரே ஏற்புச் சான்று வழங்குதல் நன்று. இரு கணினிகளில் உருவாகும் பொதிகளை ஒப்பிடுவது அடுத்த படி. உருவாக்கிய நேரம் உள்ளே பதிவாவதால் மட்டுமே அவை வேறுபடுவதுண்டு. அதையும் நீக்கும் பணி டெபியனில் 2013 முதல் நடைபெறுகிறது.