குழாய் கழுவிய காரம் கோப்பைக்கு வரக்கூடாது



மளிகையோடு நின்றுவிடாமல், கடை வாசலில் சோடா, ஜூஸ், குளிர்பானம் ஊற்றிக் கொடுக்கும் மிஷினையும் நம்மில் பலர் வைத்திருக்கிறோம். வெயில் காலத்தில் சில கடைகளில் அரிசி பருப்பைவிட அதில்தான் கல்லா நிறைகிறது. ஆனால் மிஷினைக் கழுவும் முறையை விற்றவர் சரியாகச் சொல்வதுமில்லை, நாம் கேட்டுக்கொள்வதுமில்லை.

என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு கடை சாத்தும்போது முதலாளி சோடா மிஷின் குழாயில் காஸ்டிக் தண்ணீரை நிரப்பி, காலையில் அலசிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் கடை திறந்த பையனுக்கு அது தெரியாது. தாகத்துக்கு ஒரு டம்ளர் பிடித்து ஒரு மிடறு விழுங்கிவிட்டான். வாயும் தொண்டையும் வெந்து, பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். அந்த மிடறு ஒரு வாடிக்கையாளரின் குழந்தைக்குப் போயிருந்தால்? அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

காரம் எதற்கு?

சிரப் ஓடும் குழாயின் உட்புறத்தில் சர்க்கரைப் பிசுக்கும் வழவழப்பான பாசியும் படியும். வெறும் தண்ணீரில் அது போகாது. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அதைக் கரைத்து எடுத்துவிடும். இங்கிலாந்தில் மதுக்கடைகளின் பீர் குழாய்களையும் வாரம் ஒருமுறை இவ்வகைக் கார மருந்தால்தான் கழுவுகிறார்கள். அங்கே சில மருந்துகளில் ஊதா நிறம் சேர்த்திருப்பார்கள். நிறம் தெரியும்வரை அலசல் முடியவில்லை என்று பொருள். நாம் கரைக்கும் காஸ்டிக்குக்கோ நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தண்ணீர் போலவே இருக்கும். அதுதான் ஆபத்து.

கழுவும் முறை

1. முதலில் மிஷினின் கையேட்டைப் பாருங்கள். உணவு மிஷினுக்கென்று விற்கும் கழுவும் மருந்து கிடைத்தால் அதையே வாங்கி, அட்டையில் சொன்ன அளவில் கலக்குங்கள். காஸ்டிக் செதிலைத்தான் கரைக்கிறீர்கள் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராமுக்கு மேல் வேண்டாம். கை அளவில் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

2. தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கரையும்போது கடும் சூடு கிளம்பும். 1984-ல் தொழிலுக்கு வந்த புதிதில், வாளியில் கிடந்த செதிலின் மேல் நானே வெந்நீரை ஊற்றினேன். பொங்கித் தெறித்த வடு இன்றும் என் இடது முழங்கையில் இருக்கிறது. கண்ணில் படாதது பெற்றோர் செய்த புண்ணியம். ஆகவே பச்சைத் தண்ணீரில் கரையுங்கள்.

3. முழங்கை வரை ரப்பர் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, மூடிய செருப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். கண்ணுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி போதாது.

4. அலுமினியப் பாத்திரம், அலுமினிய உதிரி பாகம் எதிலும் காஸ்டிக் படக்கூடாது. உலோகத்தை அரிப்பதோடு, தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வரும். துத்தநாகம் பூசிய வாளியும் ஆகாது. ஜூஸ் மிஷினின் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் தொட்டியையும் அது கெடுத்துவிடும். எவர்சில்வரும், கனமான பிளாஸ்டிக் வாளியும் தாங்கும்.

5. சோடா மிஷினில் கேஸ் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிய பிறகே காஸ்டிக்கை விடுங்கள். இல்லாவிட்டால் குழாயைத் திறந்ததும் முகத்தில் பீய்ச்சும். இன்னொன்று: கார்பன் டை ஆக்சைடை காஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும். மூடிய தொட்டிக்குள் இது நடந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகித் தொட்டி ஒடுங்கிப்போகலாம். மூடியைத் திறந்தே வையுங்கள்.

6. குழாயில் 15 நிமிடம் இருந்தால் போதும். இரவு முழுக்க விட்டு வைக்காதீர்கள். அந்த நேரத்திலும் ஒவ்வொரு குழாயிலும் ‘குடிக்காதே’ என்று அட்டை கட்டுங்கள். கழுவ ஆரம்பித்தவரே அலசி முடித்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.

7. சுண்ணாம்புக் கறைக்கு ஆசிட் மருந்து தேவைப்பட்டால், காஸ்டிக்கை முழுக்க அலசிய பிறகு தனியாகச் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் விஷவாயு வரும்.

அலசல் முடிந்ததா?

ஒவ்வொரு குழாய் வழியாகவும் நல்ல தண்ணீரைத் தாராளமாக ஓட விடுங்கள். நாக்கில் வைத்தோ விரலால் தடவியோ பார்க்காதீர்கள். நம் கடையிலேயே சோதனைப் பொருள் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதல்லவா? காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஒரு டம்ளரில் மிஷினிலிருந்து வரும் தண்ணீர், இன்னொன்றில் அலசப் பயன்படுத்திய அதே தண்ணீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். மிஷின் தண்ணீர் சிவந்தால் மறுபடி அலசுங்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும், பி.ஹெச். காகிதத்தால் இரண்டையும் சோதித்து உறுதி செய்த பிறகே வியாபாரம் தொடங்குங்கள். எல்லாக் குழாயையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மூன்று சோடா

ஆப்பச் சோடா, சலவைச் சோடா, காஸ்டிக் சோடா மூன்றையும் நாம் ‘சோடா’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முதலாவது வயிற்றுக்குப் போவது, மூன்றாவது வயிற்றை வேக வைப்பது. காஸ்டிக்கைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள். காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் பெயரெழுதி, உணவுப் பொருளிலிருந்து விலக்கி, பூட்டி வையுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011-ம் ஆண்டு விதிகளும் இதையே சொல்கின்றன. கரைசலைக் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

பட்டுவிட்டால்

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் அரைமணி நேரம் இடைவிடாமல் கழுவுங்கள். உடலில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர் எதுவும் போடாதீர்கள். விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, மருந்தின் டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இதைப் படித்துவிட்டு மடித்து வைக்காமல், மிஷினைத் தொடும் பையன்களைக் கூப்பிட்டு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். நம்மை நம்பி வேலைக்கு வந்தவர்களும், நம்மை நம்பி டம்ளரை நீட்டுகிறவர்களும் நம் பொறுப்பு அல்லவா?